கூடம் கோணல் என்றவள்

என் நாத்தனார் எர்மினியா லாருதாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் மலைநகரமான எல் ஆல்த்தோவில் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. மாடி வீட்டில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் படிக்கட்டுக்குப் பக்கத்து நாற்காலிதான் வேண்டும் என்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடிநாளுக்கு அணிவகுப்பு நடை பழகிக்கொண்டு நடைமேம்பாலத்தில் வந்துவிட்டால் போதும், இவள் பாலத்தை விட்டுவிட்டு லாரிகளுக்கு நடுவே ஓடிச் சாலையைக் கடப்பாள். லாரி அடித்துச் செத்தால் பரவாயில்லையாம், பாலம் ஆடிச் சாகக் கூடாதாம். இப்படிப்பட்டவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை, பெயருக்கு முன்னால் பட்டம், அவ்வப்போது வெளிநாட்டில் கட்டுரை வாசிப்பு. ஒலியும் அதிர்வும் எதன் வழியாக எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாள். நான் சந்தையில் கம்பளி விற்கிறவள். கம்பளி ஆடாது, அசையாது, நிம்மதியான தொழில்.

இந்தக் கிறுக்கு அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. என் கணவர் சாத்துர்நீனோவின் குடும்பம் அப்போது விமான நிலையத்து மதிலை ஒட்டிக் குடியிருந்தது. விமானம் கிளம்பும்போதெல்லாம் சமையலறை அலமாரியில் ஒரே ஒரு நீலத் தட்டு மட்டும் கிடுகிடுவென்று நடுங்குமாம். பக்கத்துத் தட்டுகள் சும்மா இருக்குமாம். "அது மட்டும் ஏம்மா பயப்படுது?" என்று கேட்டிருக்கிறாள். "வேலையப் பாக்காம அதையே பாத்துட்டு நிக்கிறியே, அதான் பயப்படுது" என்று என் மாமியார் முதுகில் ஒன்று வைத்தாராம். அடி வாங்கியும் கேள்வி போகவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டாள். தட்டுக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, மாடித் தரைக்கு ஒன்று. வெளியிலிருந்து வரும் தட்டல் அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போனால் பொருள் நடுங்கும். ஒத்துப்போகாவிட்டால் சும்மா இருக்கும்.

"ஊஞ்சல் மாதிரிதான் அண்ணி," என்று ஒரு நாள் என்னிடம் விளக்கினாள். "நேரம் பாத்துத் தள்ளினா குழந்தை தள்ளினாலும் மேல மேல போகும். நேரம் தப்பித் தள்ளினா பயில்வான் தள்ளினாலும் போகாது."

"அப்ப பாலத்த யாரு தள்ளுறா?"

"காலு தள்ளுது. ஆளாளுக்கு அவங்கவங்க போக்குல நடந்தா ஒண்ணும் ஆகாது. எல்லாரும் ஒரே தாளத்துக்குக் கால எடுத்து வச்சா..." கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆராய்ச்சிக்காக ஒரு வேலைநிறுத்த ஊர்வலத்தன்று நடைமேம்பாலத்தில் குப்புறப் படுத்து அதிர்வை அளந்தவள் அவள். கூட்டம் பறைக்கு ஏற்ப நடந்ததாம், பாலம் பக்கவாட்டில் அசைந்ததாம், கூட்டத்துக்கு அது வேடிக்கையாகப் போய் இன்னும் ஓங்கி மிதித்ததாம். வீடு திரும்பிக் காய்ச்சலில் விழுந்தாள். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்குத்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு, ஆட்டம் நடக்கும் எந்த மாடிக்கும் அவள் வருவதில்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட வாசலில் நின்று எங்கள் தலையில் வண்ணக் காகிதத் துகளைத் தூவிவிட்டு ஓடிப்போனாள். மாடியில் ஆடாமல் எங்கள் ஊரில் எந்த விசேஷம் நடக்கிறது? ஆகவே எந்த விசேஷத்துக்கும் அவள் வந்ததில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று என் கணவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கூடப் பிறந்த தங்கை என்றும் பார்க்க மாட்டார். அவளும் சிரித்துக்கொள்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருடம் கார்மேல் மாதா திருவிழாவை நடத்தும் முறை எங்களுக்கு வந்தது. மாதா சொரூபம் வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இருக்கும், திருவிழாவன்று விருந்தும் வாத்தியமும் ஆட்டமும் எங்கள் பொறுப்பு. விழா முடிந்ததும் மாதாவை அடுத்த வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒரு நாளுக்காகவே மனிதர்கள் உழைத்துச் சம்பாதிக்கிற ஊர் எங்களுடையது. ஊர் மரியாதையாகத் தோன் போட்டு அழைக்கும் வெனான்சியோவின் புது மண்டபத்தை என் கணவர் வாடகைக்குப் பிடித்தார். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் பூசிய கட்டடம். கீழே பந்து விளையாடும் திடல், அதற்கு மேல் ஆட்டக்கூடம், கூரையில் கண்ணாடிச் சரவிளக்குகள். திடலில் பந்து ஓட வேண்டும் என்பதால் நடுவில் தூணே வைக்கவில்லை.

"இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒத்தத் தூண் இல்ல, பாத்துக்கம்மா!" என்று வெனான்சியோ மார்தட்டினார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

விழாவில் எங்கள் திருவிழாச் சங்கத்து இளவட்டங்கள் கபொராலெஸ் ஆடுவதாக ஏற்பாடு. என் மகள் மாய்ரா முன் வரிசையில், ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகப் பூட்ஸ் போட்டு ஆடுகிறவள். பூட்ஸில் சலங்கை கட்டி, வரிசை வரிசையாக எம்பிக் குதித்துத் தரையில் அறைகிற ஆட்டம் அது. அத்தனை காலும் ஒன்றாக விழ வேண்டும். ஒரு கால் பிந்தினாலும் பார்க்கிறவர்கள் ஊளையிடுவார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே எர்மினியா வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, அந்தக் கூடத்தத் தட்டிப் பாக்காம மாய்ராவ ஆட விடாதீங்க."

"வந்து தட்டிப் பாரேன். யாரு வேணாங்குறா?"

வந்தாள். அதிர்வை அளக்கும், சோப்பு டப்பா அளவுப் பெட்டி ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, குதிகாலைத் தூக்கித் தொப்பென்று போட்டாள். கைப்பேசியில் ஒரு கோடு நெளிந்து அடங்கியது. மறுபடி தொப். மறுபடி நெளிவு. வெனான்சியோ சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"என்ன இஞ்சினியரம்மா, என் தரைக்கு நாடி பாக்குறீங்களா? அடிவாரத்துல லாமா மிருகத்தோட கருவப் பொதச்சு, பூமித்தாய்க்குச் சாராயம் ஊத்தித்தான் கட்டினேன். அசையாது."

"பூமித்தாய் மேல எனக்குச் சந்தேகம் இல்ல தோன் வெனான்சியோ. உங்க கம்பி மேலதான்."

எத்தனை பேர் வருவார்கள், மேசை நாற்காலி எத்தனை, ஆடுகிறவர்கள் எத்தனை என்று கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள். தரை தனக்கென்று ஆடுகிற வேகம் மாய்ராவின் குதியைவிட அதிகமாம். கூட்டம் நிறைந்தால் தரை கொஞ்சம் மெதுவாகும், ஆனாலும் குதியின் தாளத்துக்கு இறங்கி வராதாம். "ஆடட்டும் அண்ணி. நானே வந்து பாக்குறேன்," என்றாள். அவள் வருகிறேன் என்றது எங்கள் வீட்டில் ஒரு வாரச் சிரிப்பாக இருந்தது.

விழாவன்று ஜூலைக் குளிர் எலும்பைத் துளைத்தது. மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. மாதாவை ஒரு பக்கச் சுவரோரம் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் பீடத்தில் வைத்திருந்தோம். எதிர்க்கோடியில் தோன் கசியானோவின் வாத்தியக் குழு. பித்தளைக் குழல்கள் பளபளக்க, பெரிய பறையைக் கசியானோவே மார்பில் கட்டியிருந்தார். கீழே திடலில் சமையல்காரப் பெண்கள் பன்றிக் குழம்பு அண்டாக்களோடு இருந்தார்கள், சுற்றிலும் குழந்தைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தன. எர்மினியா படிக்கட்டோரம், நாற்காலிக்கு அடியில் பெட்டியும் மடியில் கைப்பேசியுமாக உட்கார்ந்திருந்தாள்.

விருந்தாளிகள் வர வர பீர்ப் பெட்டிகளும் வந்தன. நாங்கள் அவர்கள் விசேஷத்துக்குக் கொடுத்தது எங்களிடம் திரும்பி வருகிறது. இதற்கு எங்கள் ஊரில் ஐனி என்று பெயர். ஒவ்வொரு குடும்பமும் பெட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியபடியே உள்ளே வந்து, கூடத்தின் நட்டநடுவில், ஊரே பார்க்கும்படி அடுக்கும். ஓரமாக வைக்கச் சொன்னால் கொண்டுவந்தவர் முகம் தொங்கிவிடும். என் கணவருக்குச் சந்தையில் நல்ல பெயர். அடுக்கு ஆள் உயரம் தாண்டியது, பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னோர் அடுக்கு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதைச் சுற்றிப் பெரியவர்கள் மெதுவாக மொரேனாதா ஆடினார்கள். எனக்குத் தொப்பி தலையில் நிற்கவில்லை, அவ்வளவு பெருமை.

அப்போது எர்மினியா என் சால்வையைப் பிடித்து இழுத்தாள். பேயறைந்த முகம்.

"அண்ணி, நடுவுல அது என்ன?"

"பீரு. நீ இந்த ஊருல பொறந்தவதானே?"

"இவ்வளவையும் நடுவுலயா வைப்பாங்க?"

"பின்ன, கக்கூஸுலயா வைப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "நான் இதக் கணக்குல சேக்கல அண்ணி. ஏதோ கொஞ்சம் வரும், செவுத்தோரமா வைப்பாங்கன்னு நெனச்சேன். நான்தான் எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லையே."

"சேக்கலன்னா இப்ப சேத்துக்க. அதுக்கென்ன?"

"வெறும் பலகப் பாலத்தத் தட்டினா படபடன்னு வேகமா ஆடும். அது மேல நீங்க ஏறி நின்னா மெதுவா ஆடும்ல?"

"என் ஒடம்பப் பத்திப் பேசாத."

"அண்ணி! தரை மெதுவாயிட்டே வருது. ஒவ்வொரு பெட்டிக்கும் இறங்குது. மாய்ரா குதிக்கிற தாளத்துக்குக் கிட்ட வந்துருச்சு." கைப்பேசியை நீட்டினாள். கோடு கோடாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரியவங்க ஆட்டம் மெதுவானது, அதுனால இன்னும் ஒண்ணும் ஆகல. கபொராலெஸ் ஆரம்பிச்சா தரை ஊஞ்சலாயிரும்."

இத்தனை வருடம் சிரித்த பயம் அந்த நிமிடம் என் உடம்பில் ஏறிக்கொண்டது. என் கணவரை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன். அவர் கழுத்தில் மாலை, கன்னத்தில் காகிதத் துகள், வாயில் பீர் வாடை.

"யோவ், பிள்ளைங்க ஆட்டத்த நிறுத்துய்யா. இல்ல, பெட்டிகள எடுக்கச் சொல்லு. தரை தாங்காதாம்."

"யாரு சொன்னா? இவளா?" தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எர்மி, ஊரே வந்து நிக்குது. இன்னைக்குப் போய் என் தலையில மண்ண வாரிப் போடாத."

"அண்ணே, நான்தான் ஆடலாம்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. நானே சொல்றேன், தப்பு."

"அன்னைக்கும் நீதான் சொன்ன, இன்னைக்கும் நீதான் சொல்ற. எத நம்புறது?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். அவரைப் பிடிக்க நான் கை நீட்டியபோது சலங்கைச் சத்தம் கேட்டது.

இளவட்டங்கள் படியேறி வந்துவிட்டார்கள். சிவப்பும் வெள்ளியுமாகச் சட்டைகள், முன்வரிசையில் என் மாய்ரா, தோள்பட்டை நிமிர்ந்து, வாயில் விசில். கசியானோ பறையைத் தட்டினார். அத்தனை பூட்ஸும் ஒன்றாக எம்பி ஒன்றாக விழுந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. எர்மினியாவைத் திரும்பிப் பார்த்து, அப்பாடா, பொய்யா, என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்போதுதான் பாட்டில்களின் சத்தம் கேட்டது. நடு அடுக்குகளில் பாட்டில்கள் அங்கொன்று இங்கொன்றாகக் கிணுங்கின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் ஒரே நேரத்தில் கிணுங்கத் தொடங்கின. ஒவ்வொரு குதிக்கும் கிணிங், கிணிங், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பலமாக. தலைக்கு மேலே சரவிளக்கு ஆடியது. என் கால் பாதத்துக்குக் கீழே தரை மேலே வந்தது, பிறகு இறங்கியது. கப்பலில் நான் போனதில்லை, போனால் இப்படித்தான் இருக்கும் போல. கூட்டத்துக்கு அது குஷியாகிவிட்டது. "ஆடுதுடா தரை! இன்னும் குதிங்கடா!" என்று எவனோ கத்தினான். பெரியவர்களும் கைதட்டிக் குதிக்கத் தொடங்கினார்கள். தரைக்கு அடியில் அண்டாக்களும் குழந்தைகளும் இருக்கிற நினைப்பு வந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். எர்மினியா என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க! கத்தினா எல்லாரும் ஒரே படிக்கட்டுக்கு ஓடுவாங்க. மிதிபட்டே செத்துருவாங்க அண்ணி. தாளத்த நிறுத்தணும், எல்லாரும் மெதுவா இறங்கணும். எப்படின்னு எனக்குத் தெரியல." அவள் அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியல அண்ணி."

எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆட்டம் நிற்கும். மாதா எழுந்தால் எல்லோரும் தொப்பியைக் கழற்ற வேண்டும். மாதா வெளியே புறப்பட்டால் எல்லோரும் பின்னால் போக வேண்டும், ஒருவரும் முந்தக் கூடாது. விழா முடிவதற்கு முன்பு மாதாவை வெளியே எடுத்துப் போகிற குடும்பம் விழாவைக் கைவிட்ட குடும்பம். அந்தப் பெயர் பேரன் காலம் வரை போகாது. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

"நான் மாதாவ எடுக்குறேன்," என்றேன். "நீ பறைய நிறுத்து."

பறை இருந்தது எதிர்க்கோடியில். போக வேண்டுமானால் அந்தத் தரையின் நடுவே, அடுக்குகளை ஒட்டித்தான் போக வேண்டும். மாடியில் நடுநாற்காலியில்கூட உட்காராத என் நாத்தனார் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு தரை மேலேறி இறங்க இறங்க, குடிகாரி போலத் தடுமாறிக்கொண்டு, சலங்கைக் கால்களுக்கு நடுவே புகுந்து நடந்தாள். ஒருவன் இடித்ததில் முழங்காலில் விழுந்தாள். எழுந்தாள். நான் பீடத்துக்கு ஓடினேன்.

சொரூபம் கனம். பூக்கள் சரிந்தன, ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது. மார்போடு அணைத்துத் தூக்கி, படிக்கட்டைப் பார்த்து நடந்தேன். எதிர்க்கோடியில் எர்மினியா கசியானோவின் கையைப் பிடித்துத் தொங்குவது தெரிந்தது.

"விடும்மா! பைத்தியமா உனக்கு?" என்று கசியானோ கத்தினார். அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். கசியானோ பார்த்தார். மாதா போகிறாள். அவர் முகம் மாறியது, சிலுவை போட்டுக்கொண்டார், பறைக்கோல் நின்றது. குதித்தவர்கள் பாதியில் தடுமாறினார்கள். பாட்டில்கள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கிணுங்கிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு ஊர்வலத்துக்கான மெதுவான நடை வாசிக்கத் தொடங்கினார் கசியானோ. தொப்பிகள் இறங்கின. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வந்தார்கள். மாதா முன்னால் போக, முந்தாமல், தள்ளாமல், ஒரு படி ஒரு படியாக. திடலைக் கடந்தபோது சமையல்காரப் பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டுக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். தெருவில் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கடைசி ஆளாக எர்மினியா வெளியே வந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

ஒன்றும் விழவில்லை. அதுதான் எங்களுக்கு வந்த கேடு. விழுந்திருந்தால் நாங்கள் தெய்வம். விழாததால் மாதாவைத் தெருவில் இறக்கிய பாவிகள்.

சங்கத்தார் அன்றே கலைந்து போனார்கள். அடுத்த முறைக்காரர்கள் எங்கள் கையிலிருந்து மாதாவை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், ஆகையால் சொரூபம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாய்ரா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. என் கணவர் அதற்கும் மேல். சூப்பைக் குடித்தார், உருளைக்கிழங்கைத் தின்றார், எழுந்து போனார். சந்தையில் என் கடைக்கு முன்னால் நின்று, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பாட்டாகவே பாடினார்கள். பழமொழியில் இப்போது நானும் சேர்ந்துவிட்டேன்.

எர்மினியாவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. பீர்ப் பெட்டிகளை எல்லாம் எடுத்த பிறகு, வெறுந்தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் கூடப் போனேன், வாசல் வரைக்கும்தான். மாடியில் தொப், தொப் என்று அவள் குதிகால் சத்தம் கேட்கக் கேட்க எனக்குக் குளிரிலும் வியர்த்தது. இறங்கி வந்து படியில் உட்கார்ந்தாள்.

"பாரத்த எடுத்தா தரை பழைய வேகத்துக்குத் திரும்பி வரணும் அண்ணி. வரல. அன்னைக்கு ஆட்டத்துல உள்ள ஏதோ விட்டுப்போச்சு. வெளிய பாத்தா தெரியாது."

வெனான்சியோவிடம் சொன்னோம். விட்டத்தை அண்ணாந்து காட்டினார். "எங்கம்மா விரிசல்? காட்டுங்க. பூச்சுகூட உதிரல. உங்களால என் மண்டபத்துக்குக் கெட்ட பேரு. சனிக்கிழமை கல்யாணம் இருக்கு, நடக்கத்தான் போகுது." நகராட்சியில் புகார் கொடுக்கப் போனால், வந்து பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், சனிக்கிழமைக்குப் பிறகு. கல்யாண வீட்டைத் தேடிப் போனால், மாதாவை அவமதித்தவர்கள் என்று கதவைத் திறக்கவில்லை. எர்மினியா தூங்கவில்லை. கண்ணை மூடினால் பாட்டில் சத்தம் கேட்கிறதாம். எனக்கும் கேட்டது என்று அவளிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மாதாவைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மண்டபத்து மாடிப்படியின் முதல் படியில், நான் ஒரு பக்கமும் எர்மினியா ஒரு பக்கமும், நடுவில் மாதாவுமாக உட்கார்ந்தோம். மாதாவைத் தாண்டி எங்கள் ஊரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வைக்க மாட்டார்கள் என்றுதான் நம்பினேன். மணப்பெண் வந்தாள், வாத்தியக்காரர்கள் வந்தார்கள், தோளில் பீர்ப் பெட்டிகளோடு உறவினர்கள் வந்தார்கள். தெரு நிறைந்தது. வசவு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

"எழுந்திருங்கடி! நல்ல காரியத்துல வந்து குந்திக்கிட்டு!"

"மாதாவ வேணா கும்பிட்டு நகத்தி வச்சிட்டுப் போவோம்டா!" என்றான் குடித்திருந்த ஒருவன். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். நடுவில் இருந்த இடைவெளியை அவர்கள் கண்கள் அளந்தன. எர்மினியாவின் தோள் என் தோளில் உரசிக்கொண்டிருந்தது, தந்திக்கம்பி போல நடுங்கியது. போய்விடலாமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்தார். வெனான்சியோ ஆள் அனுப்பியிருப்பார், எங்களை இழுத்துப் போக வந்திருக்கிறார் என்று மாதாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மாதாவைக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. தங்கைக்கு முன்னால் குந்தினார்.

"எர்மி, பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்குண்ணே."

"எனக்கும்தான்." கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "அன்னைக்கு என் காலுக்குத் தெரிஞ்சுதுடி. தரை எழும்புறது தெரிஞ்சுது. மாய்ரா நடுவுல நிக்கிறா, தெரிஞ்சும் கைதட்டிட்டு நின்னேன்."

எழுந்து, என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிச் சைகை காட்டி, எங்களுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்து, மாதாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் படியில் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆளுக்கு வழி கிடையாது.